வேக வேட்டை – 9: மாயப் பூச்சு

மணிக்கு 86 மைல் வேகத்தில் ஒரு மரம்!

சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். 1979, அமெரிக்காவின் மயாமி. போலீஸின் ரேடார் துப்பாக்கியைச் சாலையோரப் பனைமரம் ஒன்றை நோக்கிப் பிடித்துக் காட்டியது ஒரு தொலைக்காட்சிச் செய்தி. திரையில் 86 என்று விழுந்தது. நம் கணக்கில் 138 கிலோமீட்டர். அடுத்து ஒரு வீட்டைக் குறி பார்த்தார்கள். அது 28 மைல் வேகத்தில் போவதாகச் சொன்னது கருவி.

விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட் எல்லாத் தரப்பையும் விசாரித்தார். முடிவில், ரேடார் காட்டும் எண்ணைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார்.

மரம் எப்படி ஓடியது? குறை, அலையின் அகலத்தில் இருந்தது. அன்றைய ரேடார் துப்பாக்கியிலிருந்து புறப்படும் அலை பன்னிரண்டு பாகைக்கு மேல் விரியும். 300 மீட்டர் தள்ளிப் போனால் அதன் அகலம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். எல்லா லேன்களும் அதற்குள் அடக்கம். எந்த எதிரொலி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியாது. பக்கத்து லேன் லாரி, போலீஸ் காருக்குள் சுழலும் ஃபேன் என்று அசைகிற எதுவும் எண்ணாக மாறித் திரையில் ஏறலாம்.

முதல் அத்தியாயங்களில் பார்த்த ஜான் பார்க்கரை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காபி டின்களைப் பற்றவைத்து, தரையிறங்கும் விமானங்களின் வேகத்தை அளக்கக் கருவி செய்தவர். அதே கருவி 1947இல் கனெக்டிகட் மாநிலச் சாலைக்கு வந்தது. 1949இல் அபராதச் சீட்டும் கிழிக்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து, அதன் வாரிசுதான் மயாமியில் கூண்டில் நின்றது.

போலீஸுக்கு இப்போது வேறொரு கருவி வேண்டும். ஆறு லேன் நெடுஞ்சாலையில் ஒரே ஒரு காரை மட்டும் தொட்டு, இதுதான் என்று சொல்ல வேண்டும். அப்படி மெலிந்த கற்றை எங்கே கிடைக்கும்?

★★★

அது ஏற்கெனவே பிறந்திருந்தது. 1960 மே மாதம் கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஒரு மாணிக்கக் குச்சியிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார் தியோடர் மைமன். இரண்டே ஆண்டுகளில், 1962இல், காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியிலிருந்தும் லேசர் வந்தது. அரிசி மணியைவிடச் சின்னத் துண்டு. கையில் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போக வழி பிறந்தது அதனால்தான்.

காலராடோ மாநிலத்தில் 1985இல் தொடங்கப்பட்ட லேசர் டெக்னாலஜி என்ற நிறுவனம் அதைத் துப்பாக்கிக்குள் வைத்தது. 1990களில் போலீஸ் கைகளுக்கு வந்த அந்தக் கருவியின் பெயர் மார்க்ஸ்மன். குறி தவறாதவன் என்று பொருள்.

ரேடார், அலையின் அதிர்வெண் மாறுவதைக் கேட்டது. லேசர் துப்பாக்கிக்கு அந்த வேலையே இல்லை. அது அளப்பது நேரத்தை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 905 நானோமீட்டர் அலைநீளத்தில், துடிப்புத் துடிப்பாக அனுப்பும். ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில், ஒளி 30 சென்டிமீட்டர் போகும். 300 மீட்டர் தள்ளியிருக்கும் காரைத் தொட்டுத் திரும்ப இரண்டாயிரம் நானோ விநாடி ஆகும்.

கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி வருகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 33 மீட்டர். நூறில் ஒரு விநாடி கழித்து அடுத்த துடிப்பை அனுப்பினால், அதற்குள் கார் 33 சென்டிமீட்டர் முன்னால் வந்திருக்கும். போக வர 66 சென்டிமீட்டர் மிச்சம். துடிப்பு இரண்டு நானோ விநாடிக்குச் சற்று அதிகமான நேரம் முன்னதாகவே வீடு திரும்பிவிடும். அந்த இரண்டு நானோ விநாடிதான் ஓட்டுநரின் குற்றப் பத்திரிகை. இப்படிப் பல துடிப்புகளை ஒப்பிட்டு, அரை விநாடிக்குள் வேகத்தைச் சொல்லிவிடும்.

கற்றையின் அகலம்? 300 மீட்டர் தூரத்தில் 90 சென்டிமீட்டர். ஒரு காரின் முகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிற அளவு.

ஆனாலும் நீதிமன்றம் இந்தக் கருவியையும் எளிதில் நம்பிவிடவில்லை. நியூஜெர்சியில் நீதிபதி ரெஜினால்ட் ஸ்டான்டன் 1996இல் மார்க்ஸ்மனின் அளவை ஏற்க மறுத்தார். நடந்த சோதனைகள் போதாது என்பது அவர் முடிவு. மறுபடியும் சோதனைகள் நடந்தன. 1998இல் அதே நீதிபதி அனுமதி கொடுத்தார். அப்போதும் எல்லை வகுத்துத்தான் கொடுத்தார். ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர் வரை எடுத்த அளவு செல்லும். அதற்கு மேல் என்றால் நிபுணர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கொட்டும் மழையிலும் பனிப்பொழிவிலும் எடுத்த அளவு செல்லாது.

வேகத்தைப் பற்றிய வழக்கில் தூரம் சட்டத்தின் சொல்லாக நுழைந்தது. இதைக் கூர்ந்து கவனித்தவர்கள் போலீஸார் மட்டுமல்ல. எதிர் முகாமிலும் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது.

★★★

எதிர் முகாம் உருவான கதையை ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். 1974 ஜனவரியில் எண்ணெய் நெருக்கடியைச் சமாளிக்க அதிபர் நிக்சன் நாடு முழுவதும் 55 மைல் வேக வரம்பைக் கொண்டுவந்தார். அகலமான சாலையும் பெரிய எஞ்சினும் வைத்திருந்த நாட்டுக்கு அது பிடிக்கவில்லை. ரேடார் டிடெக்டர் வியாபாரம் கொழித்தது. ரேடார் அலை சாலையெங்கும் சிதறுவதால், போலீஸ் பார்ப்பதற்கு முன்பே டிடெக்டர் கத்திவிடும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடுவார்.

லேசர் வந்ததும் அந்த வித்தை பலிக்கவில்லை. மெல்லிய கற்றை காரைத் தொட்ட பிறகுதான் டிடெக்டர் கத்தும். அதற்குள் அளவு முடிந்திருக்கும். எச்சரிக்கையும் தண்டனையும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, துப்பாக்கியின் கண்ணில் எதிர் ஒளி பாய்ச்சிக் குழப்புவது. ஜாமர் என்பார்கள். பல அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டு அதைத் தடுத்தன. பிரிட்டனில் ஜாமர் வைத்திருந்தவர்கள் நீதிக்குக் குறுக்கே நின்ற குற்றத்துக்காகச் சிறைக்கே போனார்கள்.

இரண்டாவது வழி சத்தமில்லாதது. எதிர் ஒளி எதுவும் அனுப்ப வேண்டாம். வருகிற ஒளியைத் திரும்ப விடாமல் விழுங்கினால் போதும். லேசர் வெய்ல் என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் சின்னச் சின்னக் குப்பிகள் அமெரிக்கக் கார்ப் பிரியர்களிடம் பரவின. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு விட்டுவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உறிஞ்சும் சாயம்.

கார் முழுக்கப் பூச வேண்டியதில்லை. இரண்டே இடங்கள் போதும்: நம்பர் பிளேட், ஹெட்லைட். நம்பர் பிளேட்டின் மேல் ஒட்டும் தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும், இருட்டில் பூனைக் கண்போல, வந்த வழியே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் குழிந்த ஆடியும் அதே வேலையைச் செய்யும். சரிந்த பானெட்டோ விழுகிற ஒளியை வானத்துக்குத் தள்ளிவிடும். அதனால் லேசர் துப்பாக்கி பிடித்த காவலருக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதல் பாடமே, பிளேட்டைக் குறி வை என்பதுதான்.

அந்த இரண்டு இடத்தையும் அணைத்துவிட்டால் கார் மறைந்துவிடுமா?

விடைக்கு முன்னால் கடலுக்கு அடியில் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இதே கேள்வியை இதற்கு முன்பே உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

★★★

1944. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களை நேச நாடுகளின் கப்பல்கள் ஒலி அலை அனுப்பி வேட்டையாடிக்கொண்டிருந்தன. ஒலி போய் இரும்பில் மோதித் திரும்பினால் கப்பல் மாட்டிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியாளர்கள் செயற்கை ரப்பரில் ஒரு போர்வையை உருவாக்கியிருந்தார்கள். நான்கு மில்லிமீட்டர் தடிமன். உள்ளே கணக்காக வெட்டிய துளைகள். ஒலியை விழுங்கும் போர்வை அது. அல்பெரிக் என்று பெயரிட்டார்கள். ஜெர்மானியப் பழங்கதையில், தலையில் போட்டால் ஆளை மறைத்துவிடும் மாய உறையின் காவலனான குள்ளனின் பெயர்.

ரப்பரை இரும்பில் ஒட்டுவதே பெரும்பாடாக இருந்தது. கடல் நீரோட்டத்தில் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த துண்டு ஆடினால் அதுவே சத்தம் போடும். அப்படியும் யூ-480 என்ற கப்பல் முழுப் போர்வையோடு ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்தது. 1944 ஆகஸ்டில் சில நாட்களுக்குள் நான்கு கப்பல்களைத் தாக்கிவிட்டுத் தப்பித்தது. தேடியவர்களின் காதில் விழவே இல்லை.

1945 தொடக்கத்தில் அதே கப்பல் அதே கால்வாய்க்கு மறுபடி வந்தது. இந்த முறை யாரும் அதைத் தேடவில்லை. ஆழத்தில் பிரிட்டன் ரகசியமாகப் பரப்பி வைத்திருந்த கண்ணிவெடிகள் காத்திருந்தன. கண்ணிவெடிக்கு எதிரொலி தேவையில்லை. யூ-480 தன் மாலுமிகள் அத்தனை பேரோடும் மூழ்கியது. அதன் எலும்புக்கூடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு காதுக்கு மறைந்தவன் எல்லாக் காதுக்கும் மறைந்துவிடுவதில்லை. இந்த வரியை மனதில் முடிந்துகொள்ளுங்கள். அத்தியாயம் முடிவதற்குள் இது மறுபடி தேவைப்படும்.

இப்போது சோதனைக் களத்துக்கு வருவோம்.

★★★

பூச்சைச் சோதிப்பவர்கள் தேடுவது நேரான, சமதளமான, வேறு வண்டி வராத சாலை. ஒரு முனையில் முக்காலியில் லேசர் துப்பாக்கி. மறு முனையில் கார். ஒரே துப்பாக்கியை நம்பினால் முடிவு அந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதால் இரண்டு மூன்று வகைகளைக் கொண்டுவருவார்கள்.

முதல் ஓட்டம் பூச்சில்லாமல். கார் ஒரே சீரான வேகத்தில் துப்பாக்கியை நோக்கி வரும். சுடுபவர் விசையை அழுத்தியபடியே பிளேட்டில் குறியைப் பிடித்திருப்பார். காதில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கி காரைப் பிடித்த நொடியில் அந்தச் சத்தம் மாறும். திரையில் வேகம் விழும்; கூடவே தூரமும் விழும். அந்தத் தூரத்தைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். அது முதல் பிடி.

பிறகு பூச்சு. காய விட வேண்டும். மறுபடி அதே கார், அதே சாலை, அதே சுடுபவர். முதலில் பிளேட்டுக்குக் குறி. அப்புறம் இடது ஹெட்லைட். அப்புறம் வலது.

சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. உச்சி வெயிலில் துப்பாக்கியின் கண்ணுக்குள் சூரியனின் இரைச்சலும் சேர்ந்து நுழையும். பூச்சில்லாத ஓட்டத்தைச் சாயங்காலத்திலும் பூசிய ஓட்டத்தை நண்பகலிலும் நடத்தினால், சூரியன் செய்த வேலைக்குப் பூச்சு பெயர் வாங்கிக்கொள்ளும். ஹெட்லைட்டில் படிந்த தூசியும் கணக்கைக் கெடுக்கும். சுடுபவரின் கை பிளேட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் தூரம் மாறும். காரின் உருவமும் பேசும். பிளேட் முன்னால் இல்லாத, ஹெட்லைட் உள்ளே மடங்கியிருக்கும் தாழ்ந்த கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார், பூச்சே இல்லாமல் பாதி மறைந்துதான் இருக்கும். அதைக் காட்டிப் பூச்சை விற்பது நேர்மையாகாது. வெள்ளை வேனில் காட்ட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் என்ன தெரியவரும்? பூச்சு வேலை செய்கிறது. உண்மையாகவே தூரம் குறைகிறது. ஆனால் எவ்வளவு?

★★★

இயற்பியல் இங்கே ஒரு கடுமையான வட்டிக் கணக்கை வைத்திருக்கிறது.

300 மீட்டரில் கற்றையின் அகலம் 90 சென்டிமீட்டர். அமெரிக்க நம்பர் பிளேட்டின் நீளம் 30 சென்டிமீட்டர்தான். கற்றை பிளேட்டைவிடப் பெரியது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிந்து, பிளேட்டில் விழுவது கால் பங்காகிறது. திரும்பும் வழியிலும் அதே இழப்பு. மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு ஒளிதான் துப்பாக்கிக்கு வந்து சேரும்.

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். துப்பாக்கியின் தூரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால், பூச்சு பதினாறில் பதினைந்து பங்கு ஒளியை விழுங்க வேண்டும். பாதி ஒளியை மட்டும் விழுங்குகிற பூச்சு, 300 மீட்டரை ஏறக்குறைய 250 மீட்டராகத்தான் குறைக்கும். பூச்சுக் கெட்டியானால் ஹெட்லைட் மங்கும்; இரவில் சாலை தெரியாது. பிளேட் மங்கினால் அது தனிக் குற்றம். அத்தனையும் செய்து பிளேட்டை முழுக்க அணைத்துவிட்டாலும், பம்பரும் பெயின்ட்டும் கண்ணாடியும் மிச்சமிருக்கின்றன. கார் நெருங்க நெருங்க அவையே போதுமான ஒளியைத் திருப்பி அனுப்பும். எந்தப் பூச்சும் காரை மறைப்பதில்லை. பிடிபடும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது.

அந்த 50 மீட்டரை நேரமாக மாற்றிப் பார்ப்போம். 120 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை விநாடி. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போகப் பொறியாளர்கள் ஒதுக்கும் நேரமும் ஏறக்குறைய அதே ஒன்றரை விநாடிதான். பூச்சு வாங்கித் தந்த நேரம் கால் நகர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 55 மைலுக்கு இறங்க, நல்ல பிரேக் உள்ள காருக்கும் முப்பது நாற்பது மீட்டர் வேண்டும். அந்தத் தூரத்தைத் தர எந்தக் குப்பியாலும் முடியவில்லை.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து பல வாசகர்கள் ஒரே கேள்வியை அனுப்புகிறார்கள்: நீங்கள் யார் பக்கம்? நான் சாலையைக் கடக்கிறவர் பக்கம். அதே ஒன்றரை விநாடியில், அதே 50 மீட்டரில், ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேரலாம்; சேராமலும் போகலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது, பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. துப்பாக்கி தவறாக அளந்தால் அதை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்பது நம் உரிமை. மயாமியும் நியூஜெர்சியும் அதைத்தான் செய்தன. அதனால் கருவியும் திருந்தியது. சரியாக அளக்கிற கருவியின் கண்ணைக் கட்டுவது வேறு. அதில் திருந்துவது யாரும் இல்லை.

சோதனைக்காரர்களும் இந்தப் பூச்சுக்காரர்களும் அன்று மீட்டர் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இரு தரப்பும் கவனிக்காத ஒரு மூன்றாவது கண் பாலைவனத்தில் விழித்துக்கொண்டிருந்தது.

★★★

2005 அக்டோபர். மொஹாவி பாலைவனம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய பந்தயம். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாத கார்கள் 200 கிலோமீட்டருக்கு மேல் தாமாகவே ஓட வேண்டும். முந்தைய ஆண்டு ஒரு கார்கூடப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இந்த முறை ஐந்து வண்டிகள் எல்லைக் கோட்டைத் தொட்டன. முதலில் வந்தது ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் நீல நிற ஃபோக்ஸ்வாகன். பெயர் ஸ்டான்லி.

ஸ்டான்லியின் கூரையில் ஐந்து பெட்டிகள் வரிசையாக இருந்தன. துடிப்புத் துடிப்பாக ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளந்து, முன்னால் பள்ளமா பாறையா என்று பார்க்கும் பெட்டிகள். லிடார். போலீஸ் துப்பாக்கியின் சொந்தத் தம்பி. அதற்குப் பிறகு தானியங்கிக் கார்களின் தலையில் சுழலத் தொடங்கிய லிடார்களில் பெரும்பாலானவை எந்த அலைநீளத்தில் பார்த்தன தெரியுமா?

905 நானோமீட்டர்.

போலீஸின் கண்ணுக்கு மறைவதற்காகப் பூசிய அதே பூச்சு, எதிரே வரும் ஆளில்லாக் காரின் கண்ணுக்கும் மங்கலாக்கும். அபராதத்துக்குத் தப்பியவர், மோதலைத் தவிர்க்க வேண்டிய இயந்திரத்துக்கும் தாமதமாகத்தான் தெரிவார். யூ-480 ஞாபகம் வருகிறதா? கண்ணிவெடியைப் போலவே மோதலுக்கும் எதிரொலி தேவையில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. மாயப் பூச்சை வாங்கவே செய்யாத, சட்டத்தை மீற நினைத்தே பார்க்காத கோடிக்கணக்கானவர்களின் கார்களும் லிடாரின் கண்ணில் மங்கலாகத்தான் தெரிந்தன. காரணம், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவற்றின் மேல் இருந்த நிறம். கறுப்பு. அந்தப் பெயின்ட்டில் கலக்கும் கரித்தூள் அகச்சிவப்பை ஆசையோடு விழுங்கிவிடுகிறது.

மறைக்கும் பூச்சின் கதை இத்தோடு தலைகீழாகத் திரும்புகிறது. உலகின் பெரிய பெயின்ட் நிறுவனங்கள் இப்போது காரை எப்படிக் காட்டுவது என்று தேட ஆரம்பித்தன. மனிதக் கண்ணுக்குக் கறுப்பாகவே இருக்க வேண்டும்; லேசர் கண்ணுக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். நடக்கிற காரியமா?

பிபிஜி என்ற அமெரிக்கப் பெயின்ட் நிறுவனத்துக்கு வழி காட்டியது எந்தப் பெரிய கருவியும் அல்ல. கொளுத்தும் வெயிலில் செடியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு காய். வெளித்தோல் கருநீலம், ஆனாலும் உள்ளே சூடேறாமல் இருக்கிறது. நம் சாம்பாரில் தினமும் மிதக்கிற கத்திரிக்காய்தான்!

அதன் தோலுக்குள் அப்படி என்ன ரகசியம் இருந்தது? அடுத்த வாரம்.

(வேட்டை தொடரும்)